சாம்பிரானோ விதையில் செய்த 70 சதவீத டார்க் சாக்லேட்: ஒரு மதிப்புரை

உறையின் பின்பக்கத்துப் பொருள்பட்டியலில் இரண்டே பெயர்கள் இருக்கின்றன: கொக்கோ விதை, சர்க்கரை. கலவையை இளக்கிச் சீராக்கும் லெசித்தின் கிடையாது, வனிலா கிடையாது, பால்தூளோ வேறு தாவரக் கொழுப்போ கிடையாது. மடகாஸ்கர் தீவின் வடமேற்கில், சாம்பிரானோ ஆறு பாயும் பள்ளத்தாக்கில் விளைந்த விதைகளை வாங்கி, வறுப்பது முதல் அச்சில் வார்ப்பது வரை எல்லா வேலையையும் தானே செய்துமுடிக்கும் ஒரு சிறு ஆலையின் டார்க் சாக்லேட் இது. நூற்றுக்கு எழுபது பங்கு கொக்கோ, முப்பது பங்கு சர்க்கரை. இதே பள்ளத்தாக்கின் விதையைக் கொண்டு இதே விகிதத்தில் பல நாடுகளில் சிறு தயாரிப்பாளர்கள் சாக்லேட் செய்வதால், ஓர் ஆலையின் பெயரைவிட இந்த வகையைப் பற்றிய செய்தியே வாசகருக்குப் பயன்படும் என்று கருதி, பெயரை விடுத்து வகையை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டார்க் சாக்லேட் என்றாலே கசப்பு என்று ஒதுக்கி வைத்திருப்பவர்கள் அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் சுவைத்ததில்லை. அந்தப் பெருமையில் பெரும்பங்கு ஆலைக்குச் சேராது. விதை ஆலைக்கு வந்து சேர்வதற்கு முன்பே, தோட்டத்து மரப்பெட்டிகளில் அதைப் புளிக்க வைத்தவர்களுக்கே சேரும். இந்தச் சாக்லேட்டின் நிறை, குறை இரண்டையும் அந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் சரியாக விளங்கும்.

கட்டியின் மேற்பரப்பு செம்மை கலந்த பழுப்பு நிறத்தில் இருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் சீராகப் பளபளக்கிறது. டார்க் சாக்லேட் கரியதாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆனால் மிகக் கறுத்த நிறம், பல நேரங்களில் விதையை அளவுக்கு மீறி வறுத்ததையோ, புளிப்பை அடக்கும் காரப்பொருள் (அல்கலி) சேர்த்துப் பதப்படுத்திய கொக்கோவைப் பயன்படுத்தியதையோதான் காட்டுகிறது. ஒரு துண்டை உடைத்தால் ‘டக்’ என்று கூர்மையான ஓசை எழுகிறது. உடைந்த விளிம்பு பொடிந்து உதிராமல் நேராக நிற்கிறது. பளபளப்பும் ஓசையும் வெறும் அலங்காரமல்ல. கொக்கோ வெண்ணெய் உறையும்போது அதன் மூலக்கூறுகள் ஆறு விதமான படிக அமைப்புகளில் அடுக்கிக்கொள்ளக்கூடியவை. அவற்றுள் ஐந்தாவது அமைப்பு மட்டுமே சாக்லேட்டுக்கு ஏற்றது. ஏனென்றால் அது ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் உருகுகிறது, அதாவது கையில் எடுக்கும்போது கெட்டியாக இருந்து, வாயின் வெப்பத்தில் முழுவதும் கரைந்துவிடுகிறது. அந்த ஒரு படிகத்தை மட்டும் வரவழைப்பதற்காக, சாக்லேட்டை ஏறத்தாழ 45 முதல் 50 டிகிரி வரை சூடாக்கி, 27 அல்லது 28 டிகிரிக்குக் குளிர்வித்து, மீண்டும் 31 அல்லது 32 டிகிரிக்கு உயர்த்துகிறார்கள். டெம்பரிங் எனப்படும் இந்தப் பக்குவம் தவறினால் மேற்பரப்பில் சாம்பல் நிறத் திட்டுகள் பூக்கும், உடைத்தால் மழுங்கிய ஓசை வரும், வாயில் மெழுகைப் போல நிற்கும். இந்தக் கட்டியில் அந்தக் குறை எதுவும் இல்லை. அடிப்பக்கத்தில், அச்சில் காற்றுக்குமிழி தங்கியதால் விழுந்த சிறு குழி ஒன்று இருந்தது. அதைக் குறையென்று சொல்வது நியாயமாகாது.

வாயிலிடுவதற்கு முன் மணத்தைப் பார்க்க வேண்டும், அதுவும் உடைத்த பக்கத்தின் மணத்தை. காய்ந்த திராட்சையின் மணம் முதலில் வருகிறது. அதன் பின்னால் ஈரமான மரத்தின் மணமும், மிக லேசாகக் காடியின் (வினிகர்) நெடியும் இருக்கின்றன. நெடி என்றதும் அஞ்ச வேண்டியதில்லை, அதன் காரணம் பின்னால் வருகிறது. துண்டை மென்றுவிடாமல் நாக்கின் மேல் வைத்து மேலண்ணத்தோடு மெதுவாக அழுத்தினால், முதல் சில நொடிகளுக்குச் சுவையென்று ஒன்றுமே தெரிவதில்லை. கொழுப்பு உருகும் வரை மணப்பொருள்கள் வெளிவருவதில்லை. பிறகு மெல்லிய இனிப்பு. அது முழுதாக விரிவதற்குள் ஒரு துலக்கமான புளிப்பு எழுந்து வாய் முழுவதும் பரவுகிறது. ராஸ்ப்பெரி, செர்ரி போன்ற சிவப்புப் பழங்களின் புளிப்பு அது. ஊடே ஆரஞ்சுத் தோலின் வாசனையும் தெரிகிறது. புளிப்பு தணியத் தணியத்தான் நாம் வழக்கமாகச் சாக்லேட் என்று அறிந்திருக்கும் அந்த ஆழ்ந்த வறுவல் சுவை மேலே வருகிறது. விழுங்கிய பிறகு நாக்கின் ஓரங்களில் லேசான துவர்ப்பு. அதற்கும் பிறகு, சில நிமிடங்கள் கழித்துக்கூட, பழத்தின் நினைவு தொண்டையில் இருக்கிறது. கசப்பு எங்கே என்று தேடினால் அது எல்லாவற்றுக்கும் அடியில், தாங்கிப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் இருக்கிறது.

பழம் எதுவும் சேர்க்காத ஒரு பொருளில் பழச்சுவை எப்படி வந்தது? இந்தக் கேள்விக்கான விடைதான் சாக்லேட்டின் முழு அறிவியலிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொக்கோ மரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 20 டிகிரிக்குள் வளர்வது. மிகச் சிறிய பூக்களை அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் நேரடியாகப் பூக்கிறது, காயும் அங்கேயே தொங்குகிறது. ஒரு காயைப் பிளந்தால் 20 முதல் 50 விதைகள், வெண்மையான ஈரச் சதையில் பொதிந்திருக்கும். அந்தச் சதை இனிப்பும் புளிப்புமாக அருமையாக இருக்கும். உள்ளே இருக்கும் பச்சை விதையோ ஊதா நிறத்தில், கடுமையான கசப்பும் துவர்ப்பும் கொண்டது. அந்த விதையை அப்படியே காயவைத்து வறுத்து அரைத்தால், எவ்வளவு உயர்ந்த இயந்திரத்தில் அரைத்தாலும், அது சாக்லேட்டாகச் சுவைக்காது.

அறுவடைக்குப் பின் விதையையும் சதையையும் சேர்த்து மரப்பெட்டிகளில் கொட்டியோ, குவியலாக்கி வாழையிலைகளால் மூடியோ ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை புளிக்க வைக்கிறார்கள். முதலில் ஈஸ்ட்டுகள் சதையிலுள்ள சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுகின்றன. சதை நெகிழ்ந்து சாறாக வடிகிறது. லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களும் கூடவே பெருகுகின்றன. பெட்டியிலுள்ளதைக் கிளறி அடுத்த பெட்டிக்கு மாற்றும்போது காற்று உள்ளே புக, அசெட்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் ஆல்கஹாலைக் காடியாக மாற்றத் தொடங்குகின்றன. அந்த மாற்றத்தில் பிறக்கும் வெப்பத்தால் குவியலின் நடுப்பகுதி 45 முதல் 50 டிகிரி வரை சூடேறுகிறது. வெப்பமும் அமிலமும் விதைக்குள் ஊடுருவ, முளைக்கும் திறனை இழந்து விதை இறக்கிறது. தனித்தனி அறைகளில் அடைபட்டிருந்த பொருள்கள் அதன் பிறகே ஒன்றோடொன்று கலக்கின்றன. விதையின் நொதிகள் புரதத்தைச் சிறு துண்டுகளாகவும் அமினோ அமிலங்களாகவும், சர்க்கரையை எளிய சர்க்கரைகளாகவும் உடைக்கின்றன. துவர்ப்புத் தரும் பாலிபீனால்கள் காற்றோடு வினைபுரிந்து குறைகின்றன. ஊதா நிறம் பழுப்பாகிறது. பின்னால் வறுக்கும்போது சாக்லேட் மணமாக மாறப்போகும் மூலப்பொருள்கள் எல்லாம் இந்தச் சில நாட்களில் உண்டாகிவிடுகின்றன. புளித்தல் குறைவாக நடந்தால் விதை சாம்பல் நிறத்தில், சப்பென்ற துவர்ப்போடு நிற்கும். கூடுதலாக நடந்தால் அழுகல் நாற்றம் ஏறும். எப்போது கிளறுவது, எந்த நாளில் நிறுத்துவது என்பதையெல்லாம் மோந்து பார்த்தும், கையை உள்ளே விட்டுச் சூட்டை உணர்ந்தும், சில விதைகளை நீளவாக்கில் வெட்டி நிறத்தைப் பார்த்தும் முடிவு செய்கிறார்கள். நான் சுவைத்த இந்தக் கட்டியின் பழச்சுவை அப்படி ஒருவர் சரியான நாளில் நிறுத்தியதால் எஞ்சியது. அந்த லேசான காடி நெடியும் அங்கிருந்து வந்ததே.

சாம்பிரானோ பள்ளத்தாக்கின் விதைக்கு இயல்பாகவே இந்தத் துலக்கமான புளிப்பு உண்டு என்பது சாக்லேட் செய்பவர்களிடையே நன்கு அறியப்பட்ட செய்தி. உலகச் சந்தைக்கு வரும் கொக்கோவில் மடகாஸ்கரின் பங்கு மிகச் சிறியது. ஆனாலும் ஒரே இடத்து விதையால் தனி விளைநிலச் சாக்லேட் செய்கிறவர்களின் பட்டியலில் அந்தப் பெயர் தவறாமல் இருப்பதற்கு இந்தச் சுவையே காரணம். கிரியோயோ, ஃபொராஸ்டெரோ, டிரினிட்டாரியோ என்று மூன்று இனங்களாகக் கொக்கோவைப் பிரிப்பது பழைய வழக்கம். 2008இல் வெளியான மரபணு ஆய்வு அதைப் பத்துத் தொகுதிகளாக வகைப்படுத்தியது. உறையில் இனத்தின் பெயரைப் பெரிதாக அச்சிடுபவர்களைவிட, எங்கே புளிக்க வைத்தார்கள், எத்தனை நாள் வைத்தார்கள் என்று சொல்பவர்களையே நான் அதிகம் நம்புவேன்.

உலர்த்தும்போது விதையின் ஈரம் ஏறத்தாழ 7 சதவீதமாகக் குறைகிறது. அதன் பிறகே அது கப்பலேறி ஆலைக்கு வருகிறது. ஆலையின் திறமை இங்கே பெரும்பாலும் அடக்கத்தில் இருக்கிறது. இத்தகைய விதையைக் கடுமையாக வறுத்தால் பழ மணங்கள் ஆவியாகிப் போகும், வறுவல் சுவை ஒன்றே மிஞ்சும். மிகக் குறைவாக வறுத்தால் காடி அப்படியே தங்கிவிடும். கருகல் சிறிதும் இல்லாத இந்தக் கட்டியின் சுவையைக் கொண்டு பார்த்தால், வறுத்தவர் மென்மையான பக்கம் சாய்ந்திருக்கிறார் என்று துணிந்து சொல்லலாம்.

இப்படிக் கடித்துத் தின்னும் கட்டியாக அல்லாமல், தன் வரலாற்றின் மிகப் பெரும்பகுதியில் கொக்கோ ஒரு பானமாகவே இருந்தது. இன்றைய ஈக்வடாரின் தென்கிழக்கில், சாந்தா ஆனா லா புளோரிடா என்ற தொல்லியல் தளத்தில் கிடைத்த பானைகளில் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன்பே கொக்கோ பயன்பட்டதற்கான தடயங்கள் இருப்பதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. மத்திய அமெரிக்காவின் தொல்குடியினரான மாயர்களிடம் அது உயர்குடியினரின் பானமாகவும் சடங்குப் பொருளாகவும் இருந்தது. குவாத்தமாலாவில் ரியோ அசூல் என்ற இடத்துக் கல்லறையில் 1984இல் கண்டெடுக்கப்பட்ட, திருகுமூடி கொண்ட பானை ஒன்றில் கொக்கோ என்று மாயர் எழுத்தில் எழுதியிருந்தது. உள்ளே ஒட்டியிருந்த படிவைச் சோதித்தபோது கொக்கோவில் இயல்பாக உள்ள தியோபுரோமினும் கஃபீனும் இருப்பது தெரிந்தது. அவர்கள் நுரையைத்தான் பெரிதும் விரும்பினார்கள். ஒரு பெண் நின்றபடி ஒரு பாத்திரத்திலிருந்து கீழே உள்ள மற்றொன்றுக்குப் பானத்தை உயரத்திலிருந்து ஊற்றும் காட்சி, எட்டாம் நூற்றாண்டு வாக்கில் தீட்டப்பட்ட மாயர் குவளை ஒன்றில் இன்றும் தெளிவாக இருக்கிறது. ஆஸ்டெக் ஆட்சியில் கொக்கோ விதை நாணயமாகவும் புழங்கியது. 1545இல் மெக்சிகோவின் தலாக்ஸ்காலாவில், ஆஸ்டெக்குகளும் பேசிய நவாட்ல் மொழியில் எழுதப்பட்ட விலைப்பட்டியலில் ஒரு நல்ல பெண் வான்கோழிக்கு 100 விதைகள் என்றும், சோள மாவில் அவித்த ஒரு தமாலேக்கு ஒரு விதை என்றும் குறித்திருக்கிறார்கள். பணத்தைக் கரைத்துக் குடிக்க முடிந்தவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால், அந்தப் பானம் ஏன் மேட்டுக்குடியின் அடையாளமாக இருந்தது என்பது விளங்கும்.

1544இல் கெக்சி மாயர் குழு ஒன்று ஸ்பெயினுக்குச் சென்று இளவரசர் பிலிப்பைச் சந்தித்தபோது கொண்டுபோன பொருள்களில் சாக்லேட் பானமும் இருந்தது; ஐரோப்பாவில் அது பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளுள் அது ஒன்று. அங்கே அதில் சர்க்கரை சேர்ந்தது. 1657 வாக்கில் லண்டனில் சாக்லேட் கடை திறந்தது. அப்போதும் அது பானம்தான். உண்மையான திருப்பம் 1828இல் நெதர்லாந்தில் வந்தது. விதையின் பருப்பில் பாதிக்கும் மேல் கொழுப்பு. அதைப் பிழிந்தெடுக்கும் அழுத்த இயந்திரத்துக்கு வான் ஹவுட்டன் குடும்பத்தார் காப்புரிமை பெற்றார்கள். கொழுப்பு குறைந்த கொக்கோத்தூள் ஒரு பக்கம், கொக்கோ வெண்ணெய் மறு பக்கம் என்று விதை இரண்டாகப் பிரிந்தது. அத்தோடு தூளில் காரம் சேர்த்து அதன் புளிப்பை அடக்கும் முறையையும் அவர்கள் கொண்டுவந்தார்கள். பிரிந்ததை வேறு விகிதத்தில் சேர்க்கலாம் என்று கண்டவர்கள் பிரிஸ்டலின் ஃபிரை நிறுவனத்தார். 1847இல் கொக்கோத்தூளையும் சர்க்கரையையும் உருக்கிய கொக்கோ வெண்ணெயில் குழைத்து அச்சில் வார்த்து, கடித்துத் தின்னும் கட்டியை அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்விட்சர்லாந்தின் வெவேயில் டேனியல் பீட்டர், பாலிலிருந்த நீரால் சாக்லேட் கெட்டுப்போவதோடு நெடுங்காலம் போராடி, கெட்டிப்பாலைக் கொண்டு 1875இல் பால் சாக்லேட்டைச் செய்தார். 1879இல் பெர்ன் நகரில் ருடால்ஃப் லிண்ட், சாக்லேட் குழம்பை நீண்ட நேரம் தேய்த்துக் கிளறிக்கொண்டே இருக்கும் கான்ச் என்ற தொட்டியை உருவாக்கினார். சொரசொரப்பு மறைந்ததும், தேவையற்ற காடி ஆவியாகி வெளியேறியதும் அதன் பிறகுதான்.

இந்தப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கண்டுபிடிப்புகள் இல்லாவிட்டால் சாக்லேட் எல்லோர் கைக்கும் வந்திருக்காது. அதில் எனக்கு ஐயமில்லை. பால் சாக்லேட்டைத் தாழ்வாகப் பேசும் வழக்கத்திலும் எனக்கு உடன்பாடில்லை, நன்றாகச் செய்த பால் சாக்லேட் ஒரு தனி இன்பம். ஆனால் காரம் சேர்ப்பது, பால் சேர்ப்பது, கடுமையாக வறுப்பது, வனிலாவால் மூடுவது ஆகிய ஒவ்வொன்றும் விதைக்கு விதை இருந்த வேறுபாட்டைச் சமன்செய்து, எங்கு விளைந்தாலும் ஒரே சுவை என்ற நிலைக்கு அதைக் கொண்டுவந்தன. நான் கையில் வைத்திருக்கும் இந்தக் கட்டி கான்ச் தொட்டியையும் டெம்பரிங்கையும் ஏற்றுக்கொண்டு, மற்றவற்றை விட்டுவிடுகிறது. அதனால்தான் இதில் பள்ளத்தாக்கு தெரிகிறது.

உறையில் உள்ள 70 என்ற எண்ணைப் பற்றி ஒரு சொல். அந்த எண் கொக்கோ விதையிலிருந்து வந்த எல்லாவற்றின் கூட்டுத்தொகை. அதில் கொக்கோ வெண்ணெய் எவ்வளவு, கொழுப்பில்லாத கொக்கோப் பொருள் எவ்வளவு என்று அது சொல்வதில்லை. ஒரு தயாரிப்பாளர் கூடுதலாகக் கொக்கோ வெண்ணெய் சேர்த்து 70 ஆக்கியிருக்கலாம்; அது வழுவழுப்பாக, சுவையில் மென்மையாக இருக்கும். இங்கே போல வெறும் விதையாலேயே 70 ஆக்கியிருந்தால் சுவை அடர்த்தியாக இருக்கும். சர்வதேச உணவுத் தரநிலையான கோடெக்ஸின்படி சாக்லேட் என்று பெயர் சூட்டக் குறைந்தது 35 சதவீதக் கொக்கோப் பொருள் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் 5 சதவீதம் வரை வேறு சில தாவரக் கொழுப்புகளையும் அனுமதிக்கின்றன. எண்ணைவிடப் பொருள்பட்டியலைப் படிப்பதே நல்ல வழி.

குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, அரைப்பு. சாக்லேட்டின் துகள்கள் ஏறத்தாழ 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவுக்கு நுணுகியிருந்தால் நாக்கு அவற்றை உணராது. 30 மைக்ரானைத் தாண்டினால் நறநறப்பு தெரியத் தொடங்கும். இந்தக் கட்டி உருகி முடியும் தறுவாயில், மேலண்ணத்தில் மிக நுண்ணிய மணல் போன்ற உணர்வு ஒன்று எஞ்சுகிறது. வேண்டுமென்றே சொரசொரப்பாகச் செய்யும் மெக்சிகோ பாணிச் சாக்லேட்டுகள் உண்டு, அது வேறு. இங்கே மற்ற எல்லாமே மென்மையை நோக்கி இருக்கும்போது இந்த எச்சம் துருத்திக்கொண்டு நிற்கிறது. இரண்டாவது, கான்ச் தொட்டியில் இன்னும் சிறிது நேரம் விட்டிருந்தால் மணத்தின் முதல் அலையிலுள்ள காடி நெடி இன்னும் அடங்கியிருக்கும். பழச்சுவையும் கூடவே ஓடிவிடும் என்ற அச்சத்தில் தயாரிப்பாளர் முன்கூட்டியே நிறுத்தியிருக்கலாம். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் நிறுத்தற்புள்ளி சற்றுத் தள்ளியே இருந்திருக்க வேண்டும். மூன்றாவது, கட்டியின் தடிமன். தடித்த சதுரங்கள் உருக நேரமாவதால் பொறுமையிழந்து மென்றுவிடத் தோன்றுகிறது. மெல்லிய அச்சில் வார்த்திருந்தால் இதே சாக்லேட் தன்னை இன்னும் நன்றாக வெளிப்படுத்தியிருக்கும்.

நான்காவது குறையை நான் மிகவும் பொருட்படுத்துகிறேன். உறையில் பள்ளத்தாக்கின் பெயர் இருக்கிறது. விதையைப் புளிக்க வைத்தவர்கள் யார், எத்தனை நாள் வைத்தார்கள், எந்த ஆண்டின் அறுவடை, விவசாயிக்கு என்ன விலை போனது என்று ஒரு வரிகூட இல்லை. சுவையின் பெரும்பகுதி அங்கே பிறந்தது என்னும்போது, வறுத்தவரைப் பற்றி ஒரு பத்தியும் புளிக்க வைத்தவரைப் பற்றி ஒன்றுமில்லாமலும் எழுதுவது முறையன்று. இது மரியாதையோடு நிற்கும் செய்தியுமல்ல. உலகின் கொக்கோவில் பாதிக்கும் மேல் கோட் டிவார், கானா ஆகிய இரண்டு நாடுகளிலிருந்து வருகிறது. அவ்விரு நாடுகளின் கொக்கோ விளையும் பகுதிகளில், கொக்கோ உற்பத்தியில் குழந்தைத் தொழிலாளராக ஏறத்தாழ 15.6 லட்சம் சிறுவர் சிறுமியர் இருந்ததாக, 2018-19 பருவத்தைப் பற்றிச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் நார்க் ஆய்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. குடும்பத்தின் வருமானம் போதாததே இதன் ஆணிவேர். மோசமான பருவநிலையாலும் மரங்களைத் தாக்கும் நோய்களாலும் மேற்கு ஆப்பிரிக்க விளைச்சல் சரிந்து, 2024இல் நியூயார்க் சந்தையில் கொக்கோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியபோதும், அரசு விலை நிர்ணயிக்கும் நாடுகளில் அந்த ஏற்றம் அப்படியே விவசாயியைச் சென்றடையவில்லை. விளைநிலத்தின் பெயர் அச்சிட்டிருப்பதாலேயே ஒரு சாக்லேட் நேர்மையானதாகிவிடாது. வாங்கிய விலையையும் தோட்டத்தின் விவரத்தையும் ஆண்டுதோறும் வெளியிடும் சிறு தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். இந்த ஆலையும் அதைச் செய்ய வேண்டும், செய்யும் வரை என் மதிப்பீட்டில் அதற்கு முழு மதிப்பெண் கிடையாது.

சுவைக்கும் முறையையும் சேமிக்கும் முறையையும் பற்றிச் சில குறிப்புகள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே இதைத் தின்பது வீண். குளிர்ந்த கொழுப்பு உருகாது, உருகாத வரை சுவையும் வராது. குளிர்ச்சியிலிருந்து வெப்பத்துக்கு மாறும்போது மேலே நீர் கோத்துச் சர்க்கரை கரைந்து வெண்மையாகப் படியவும் கூடும். 16 முதல் 18 டிகிரி வரையுள்ள, ஈரமும் வாடையும் இல்லாத இடமே ஏற்றது. கொக்கோ வெண்ணெய் சுற்றியுள்ள வாடையை எளிதில் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் மசாலாப் பொருள்களுக்கும் சோப்புக்கும் அருகில் வைக்கவே கூடாது. வெப்பமான வானிலையில் குளிர்பதனப் பெட்டியைத் தவிர வேறு வழியில்லையென்றால், காற்றுப் புகாத டப்பாவில் இறுக மூடி வைத்து, எடுத்த பிறகு டப்பாவைத் திறக்காமலேயே அறைவெப்பத்துக்கு வரவிட வேண்டும். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் வைப்பது கட்டாயம், தியோபுரோமின் நாய்களுக்கு நஞ்சு.

சமையலுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கேக்கில் சேர்த்துச் சுட்டுப் பார்த்தபோது அந்தப் பழச்சுவை வெண்ணெயிலும் மாவிலும் அமிழ்ந்து, இனந்தெரியாத புளிப்பு மட்டும் மிஞ்சியது. அதற்கு எளிய கொக்கோத்தூளே போதும். பானமாக்கினால் கதை வேறு. சீவிய சாக்லேட்டைக் கொதிநீரில், பால் சேர்க்காமல், கரைத்து, ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு உயர்த்தி ஊற்றி நுரைக்க வைத்தால், கட்டியாகத் தின்றபோது ஒன்றன்பின் ஒன்றாக வந்த சுவைகள் எல்லாம் ஒரே மிடறில் சேர்ந்து வருகின்றன. நுரையில்தான் மணம் மிகுதியாகத் தங்குகிறது. இந்தச் சாக்லேட்டின் ஆகச் சிறந்த வடிவம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது, கட்டியை வாங்குபவர்கள் ஒரு பகுதியையாவது இப்படிச் செலவழிக்க வேண்டும்.

புளிப்பு அறவே பிடிக்காதவர்களுக்கு இந்த விளைநிலம் ஒத்துவராது. அவர்கள் அதே இரண்டு பொருள்களால், அதே 70 சதவீதத்தில், கானா விதையில் செய்த கட்டியைத் தேடலாம். புளிப்பு மிகக் குறைவாக, ஆழ்ந்த கொக்கோச் சுவையோடு இருக்கும். இரண்டையும் வாங்க முடிந்தால் அருகருகே வைத்துச் சுவைக்கும்போது முதலில் கானா, பிறகு சாம்பிரானோ என்ற வரிசையே நல்லது. நடுவில் வாயை வெதுவெதுப்பான நீரால் கழுவிக்கொள்ள வேண்டும், குளிர்ந்த நீர் நாக்கில் படிந்த கொக்கோ வெண்ணெயை உருக்காது.